ஆயிரம் பேரா, பன்னிரண்டு பேரா?

கேள்வி: வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து, எட்டு மாதத்தில் ஒரு செயலி எழுதியிருக்கிறேன். செடிகளுக்கு எப்போது தண்ணீர், எப்போது உரம் என்று நினைவூட்டும். இலவசமாகக் கொடு, விளம்பரத்தில் பணம் வரும் என்கிறார் நண்பர். உழைப்புக்கு விலை வை என்கிறார் அண்ணன். எது லாபம்?

நண்பரின் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். உங்கள் செயலியை ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் பார்ப்பார்? அறிவிப்பு வரும், திறப்பார், 'ஊற்றியாச்சு' என்று தட்டிவிட்டு மூடிவிடுவார். பத்து விநாடி. அதற்குள் ஒரு விளம்பரம் காட்டலாம், அவ்வளவுதான். தினமும் 1,000 பேர் திறக்கிறார்கள், 1,000 விளம்பரத்துக்கு ஒரு டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாட்டையும் விளம்பர வகையையும் பொறுத்து இது நன்றாகவே ஏறும், இறங்கும். மாதம் 30 டாலர். செயலிகளில் விளம்பரம் போடும் கூகுளின் சேவையான ஆட்மாப் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் அனுப்பும். அதாவது முதல் காசைப் பார்க்கவே குறைந்தது நான்கு மாதம் ஆகும். தினமும் ஆயிரம் பேர் திறக்க வேண்டுமானால், அதைப்போலப் பல மடங்கு பேர் டவுன்லோடு செய்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நிறுவிவிட்டுச் சில நாளில் மறந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

இப்போது அண்ணன் கணக்கு. விலை 3 டாலர். ஆப்பிளும் கூகுளும் ஒவ்வொரு விற்பனையிலும் தமக்கு எடுத்துக்கொள்ளும் கழிவை, 2021-இல் சிறிய டெவலப்பர்களுக்கு 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்தன. ஆப்பிளில் ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டாதவர்களுக்கும், கூகுளில் ஆண்டின் முதல் பத்து லட்சம் டாலருக்கும் அது பொருந்தும். தானாக வராது, பதிவு செய்துகொள்ள வேண்டும். கழிவு போக உங்களுக்கு 2 டாலர் 55 சென்ட். மாதம் 12 பேர் வாங்கினால் 30 டாலருக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் பேர் தினமும் விளம்பரம் பார்த்துத் தருவதை இந்தப் பன்னிரண்டு பேர் தந்துவிடுகிறார்கள். ரேட்டிங்கில் திட்டுவதும் இலவசமாக வாங்கியவர்தான் அதிகம். இது என் சொந்த அனுபவம்.

அப்படியானால் அண்ணன் சொன்னதுதான் சரியா? முழுதாக இல்லை. பெயர் தெரியாத ஒருவரின் செயலிக்கு, திறந்துகூடப் பார்க்காமல் யார் பணம் கொடுப்பார்? விலையைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். தவிர, ஒருமுறை வாங்கியவர் மறுபடி தரமாட்டார். மாதாமாதம் புதிதாகப் பன்னிரண்டு பேர் வர வேண்டும். பழையவர்களுக்கு பக் (நிரல் பிழை) சரிசெய்வதும் அப்டேட் கொடுப்பதும் உங்கள் தலையில்தான்.

விலை வைத்த நல்ல யோசனைக்கு இலவச நகல் வரும் ஆபத்தும் உண்டு. 2014 பிப்ரவரியில் 'த்ரீஸ்' என்ற எண் விளையாட்டு 1.99 டாலருக்கு வந்தது, ஓராண்டுக்கு மேல் செதுக்கியது. அடுத்த மாதமே அதே சாயலில் '2048' வந்தது. 19 வயது இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் எழுதி, இலவசமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி மூல நிரலோடு வெளியிட்டது. உலகம் முழுக்கப் பரவியது இரண்டாவதுதான். அவருக்கு உடனே கிடைத்தது பணமல்ல, பெயர். வேலை தேடுபவருக்கு அது சம்பளத்தைவிடப் பெரிது. நீங்கள் கேட்பது பெயரா, கைச்செலவுக்குப் பணமா என்பதை எனக்கு எழுதவில்லை. பெயர் என்றால் இலவசமாகக் கொடுத்துவிடுங்கள், விளம்பரமே வேண்டாம்.

பணம் என்றால் என் யோசனை இது: டவுன்லோடு இலவசம், ஐந்து செடி வரை இலவசம், அதற்கு மேல் ஒரே ஒருமுறை கட்டணம். நாற்பது தொட்டி வைத்திருப்பவர் யோசிக்காமல் கொடுப்பார். இரண்டு தொட்டிக்காரர் எப்படியும் கொடுக்கப்போவதில்லை, நாலு பேரிடம் சொல்லவாவது செய்வார். சந்தா வேண்டாம். சர்வர் செலவு மாதாமாதம் உள்ளவர்களுக்கு அது நியாயம். போனுக்குள்ளேயே ஓடும் நினைவூட்டிக்குச் சந்தா கேட்டால் எரிச்சல்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை. பிளே ஸ்டோரில் ஒரு செயலியை இலவசம் என்று வெளியிட்டுவிட்டால், பிறகு அதே செயலியை விலைக்கு மாற்ற முடியாது. உள்ளே கட்டணம் வைக்கலாம், டவுன்லோடுக்கு விலை போட வேண்டுமானால் புதிய செயலியாகத்தான் தொடங்க வேண்டும். ஆப்பிளில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம். கூகுளில் ஒரேயொரு முறை 25 டாலர். அதனால் முதலில் பிளே ஸ்டோரில் போட்டுப் பாருங்கள்.

அங்கே புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கினால், வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பன்னிரண்டு பேரைச் சொந்தக்காரர்களாகப் பிடிக்காமல், நிஜமாகவே செடி வளர்ப்பவர்களாகப் பிடியுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்த வசதியை எடுத்துவிட்டால் கோபம் வரும் என்று கேளுங்கள். அவர்கள் செடி எண்ணிக்கையைச் சொல்லாமல் வேறு ஏதாவது சொன்னால், கட்டணப் பூட்டை அங்கே போடுங்கள்.