கொலுப் பெட்டிக்குப் பின்னால்

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்துவிட்டது. எங்கள் தெருவில் இரண்டு இந்தியர் வீடுகளில் நகைக்காகப் பூட்டை உடைத்தார்கள். அதிலிருந்து பயந்து ஒரு பிஸ்டல் வாங்கினேன். தற்காப்புக்கு ஒழுங்காகச் சொல்லித்தரும் வகுப்பையும் வாத்தியாரையும் பக்கத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? மனைவி பயந்த சுபாவம், இன்னும் சொல்லவில்லை. மேல்தட்டில் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறைதான் அங்கே கை போகும். மகனுக்கு 8 வயது.
- பெயர் வேண்டாம், டெக்சஸ்

பதில்: தம்பி, வாத்தியார் அப்புறம். அந்தப் பெட்டியை உங்கள் வீட்டில் இறக்குவது யார்?

அம்மா ஸ்டூலில் ஏறி நிற்பாள். பிள்ளை கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கும். மரப்பாச்சியைச் சுற்றிய பழைய வேட்டித்துணியை அவிழ்ப்பதும் அதுதான், செட்டியார் பொம்மைக்கு மூக்கு உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அதுதான். பின்னால் இன்னொரு துணி மூட்டை இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுமா? அதுவும் அப்பா ஒளித்து வைத்ததென்றால் நவராத்திரி வரைக்கும்கூடக் காத்திருக்காது.

டெக்சஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எட்டும்படி, சுடத் தயாராக இருக்கிற துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது பிள்ளை கைக்குப் போனால் குற்றம். பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர் போனாலோ பலத்த காயம் பட்டாலோ ஒரு வருஷம் வரை ஜெயில். அந்த ஒரு வருஷமா உங்களுக்குப் பெரிசாகத் தெரியப் போகிறது?

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவார் என்பதால் மறைத்தேன் என்கிறீர்கள். நான் நம்பவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தது நீங்கள். சொன்னால் சொல்லட்டுமே, அந்த வீட்டில் அவருக்கும் பாதி உண்டு. பேசிப் பார்த்தும் வேண்டாம் என்றால் விற்றுவிடுங்கள். நடுராத்திரி கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டால் பிள்ளையை அள்ளிக்கொண்டு எந்த அறைக்குள் போவது, 911-க்கு யார் போன் செய்வது என்று அவரோடு பேசி வைக்காமல் என்ன காவல் காக்கப் போகிறீர்கள்? இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து வருவதும் அவராக இருக்கலாம்.

வகுப்புக்கு வருவோம். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் தகுதியுள்ள 21 வயதுக்காரர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். லைசென்ஸ் வகுப்பும் நடக்கிறது: 4 முதல் 6 மணி நேரம் பாடம், பிறகு 3, 7, 15 கஜ தூரத்தில் மொத்தம் 50 தோட்டா. சட்டம் தெரிந்துகொள்ள அவசியம் போங்கள். அதோடு தற்காப்பு கற்றாகிவிட்டது என்று நினைத்தால், எல்.எல்.ஆர். வாங்கிய கையோடு பஸ் ஓட்டக் கிளம்பியவர் கதைதான்.

நல்ல வாத்தியாரா என்று தெரிய, பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். யாருக்காவது குண்டு பட்டால் ரத்தத்தை நிறுத்துவது யார், ஆம்புலன்ஸை வாசலில் நின்று அழைத்து வருவது யார் என்று முதல் தோட்டாவுக்கு முன்பே ஆள் பிரிக்கிறாரா? முதலுதவிப் பையைத் திறந்து காட்டுகிறாரா? கடைசியாக யாரிடம் மாணவராகப் போனீர்கள் என்று கேளுங்கள். என்.ஆர்.ஏ. (தேசியத் துப்பாக்கிச் சங்கம்) தரும் சான்றிதழ் வெறும் ஆரம்பம். 1976-ல் ஜெஃப் கூப்பர் அரிசோனாவில் தொடங்கிய கன்சைட் என்ற துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி, தற்காப்பு வாத்தியார் மஸாத் அயூப் நடத்தும் 40 மணி நேர வகுப்பு என்று எங்காவது காசு செலவழித்துப் போய், தானும் திட்டு வாங்கி வந்தவராக இருக்கட்டும். அயூப் வகுப்பில் பாதி நேரம் வகுப்பறைதான். எப்போது சுடலாம், சுட்ட பிறகு கோர்ட்டில் என்ன ஆகும் என்ற பேச்சு. மார் தட்டிக்கொண்டு வீரக்கதை அளப்பவர், சந்தேகம் கேட்ட பெண்ணைப் பார்த்துச் சிரிப்பவர் என்றால் காரைத் திருப்பிவிடுங்கள்.

துணைக்கு எச்1பி நண்பரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாமல் அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம்.

இன்றே கடைக்குப் போய் இரும்புப் பூட்டுப்பெட்டி ஒன்று வாங்குங்கள். தோட்டாக்களை எடுத்து வேறு இடத்தில் பூட்டுங்கள். ராத்திரி பையன் தூங்கியதும் மனைவியை உட்கார வைத்து, கொலுப் பெட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். கோபப்பட்டால் திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அது வீட்டில் இருக்கலாம் என்று அவர் சொன்னால், வகுப்பில் இரண்டு இடம் கேளுங்கள்.