வகுப்பறைக்குப் பயந்து டி.ஆர்.பி.க்கு ஓடலாமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்தவள். ஜூன் மாதம் முதல் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். சம்பளம் 14,000 ரூபாய். "தினமும் முகம் செத்து வருகிறாள். தொண்டை கட்டிப்போய் வீட்டில் பேசுவதே இல்லை. வேலையை விட்டுவிட்டு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) கோச்சிங்கில் சேரப்போகிறேன் என்கிறாள். விடச் சொல்லட்டுமா சார்?"

அம்மா, நான் 32 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். உங்கள் மகள் இரண்டு விஷயங்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். அரசு வேலை வேண்டும் என்பது ஒன்று. எட்டாம் வகுப்பைச் சமாளிக்க முடியவில்லை என்பது இன்னொன்று. டி.ஆர்.பி. எழுதித் தேறி அரசுப் பள்ளியில் போய் உட்கார்ந்தால், அங்கேயும் ஒரு எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு காத்துக்கொண்டிருக்கும். சம்பளம் மாறும், பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான்.

முதலில் தேர்வைப் பேசி முடித்துவிடலாம். ஆறு முதல் எட்டு வரை எடுக்க டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் தேற வேண்டும். 150 கேள்வி, 150 மதிப்பெண், பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. மற்றவர்களுக்குச் சலுகை உண்டு, அது எவ்வளவு என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு டெட் வெறும் நுழைவுச் சீட்டு மாதிரி. அரசு வேலைக்குத் தனியாக நியமனப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். பட்டதாரி ஆசிரியர்களுக்கு அது 2024 பிப்ரவரியில் நடந்தது. அடுத்தது எப்போது என்று கோச்சிங் சென்டரில் யாராவது தேதி சொன்னால் நம்பாதீர்கள், டி.ஆர்.பி. அறிவிப்பு வந்தால்தான் உண்டு. பி.எட். வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கும் வேலைக்கு முயலலாமே என்று யாராவது சொன்னால், 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது.

சரி, படிப்பது எங்கே? இரண்டாம் தாளில் கணக்குக்கும் அறிவியலுக்கும் 60, தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30, குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தலுக்கும் 30. கேள்விகளின் அடிப்படை பெரும்பாலும் பள்ளிப் பாடப்புத்தகம்தான். அதாவது உங்கள் மகள் காலையில் ஒன்பதரை மணிக்குக் கையில் எடுத்துக்கொண்டு போகிற அதே புத்தகம். பணம் கட்டிப் படிக்கப்போவதை அவள் சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்திக்கொண்டிருக்கிறாள். குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன படிநிலைகளைக் கைடில் மனப்பாடம் செய்வதைவிட, கடைசி பெஞ்சில் இருக்கும் பையனைப் பார்த்துப் புரிந்துகொள்வது சுலபம். 2025 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்களே டெட் தேற வேண்டிய நிலை. என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலர், வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் குழந்தை உளவியல் புரட்டுகிறார்கள். அவர்கள் யாரும் வேலையை விட்டுவிட்டுப் படிக்கவில்லை.

இனி வகுப்பறை. என் முதல் வருடத்தில் எனக்கும் தொண்டை போனது. கத்தினால் அடங்குவார்கள் என்று நினைத்தேன். நான் கத்துவது அவர்களுக்கு ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. பக்கத்து வகுப்பில் தமிழ் ஐயா ஒருவர் இருந்தார். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில், "தம்பி, மூணாவது பீரியட் உமக்கு ஃப்ரீதானே, என் வகுப்பில் வந்து உட்காரும்" என்றார். போனேன். அவர் என்னைவிடச் சன்னமாகப் பேசினார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எழுதுவார், திரும்புவார், அப்புறம்தான் பேசுவார். பாதி நேரம் கடைசி பெஞ்ச் பக்கம்தான் நின்றார். எல்லாப் பையன்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அதுவரை ஏழெட்டுப் பெயர்தான் தெரியும், அதுவும் அதிகம் சேட்டை செய்பவர்களின் பெயர். அன்று ராத்திரி வருகைப் பதிவேட்டை வைத்து 46 பெயரையும் மனப்பாடம் செய்தேன். இரண்டு வாரத்தில் சத்தம் பாதி ஆனது. மீதிப் பாதி கடைசி வரை போகவில்லை, அது வேறு விஷயம்.

உங்கள் மகள் இதுவரை யார் வகுப்பிலாவது போய் உட்கார்ந்திருக்கிறாளா என்று கேளுங்கள். பி.எட். பயிற்சிக் காலத்தில் உட்கார்ந்தது கணக்கில் வராது. அப்போது பாடக்குறிப்பு நோட்டை நிரப்பும் கவலைதான் இருந்திருக்கும். புது ஆசிரியர்கள் உதவி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் 'இந்தப் பொண்ணுக்கு வகுப்பு எடுக்கத் தெரியவில்லை' என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். எனக்குத் தெரிந்து எந்த மூத்த ஆசிரியரும் அப்படி நினைத்ததில்லை. கேட்டால் சந்தோஷப்படுவார்கள், கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்வார்கள்.

இன்னொன்று, இது என் வெட்கம். 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று வகுப்பையே கோரஸாகச் சொல்ல வைப்பேன். பத்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடத்தினேன். தேர்வில் –3 –5 என்று கொடுத்தால் பாதிப் பேர் 8 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று திட்டுவேன். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், மூணு ரூபா கடன் இருக்கு, இன்னும் அஞ்சு ரூபா கடன் வாங்குறேன், எப்படி சார் கையில எட்டு ரூபா வரும்?" என்றாள். பெருக்கலுக்கு உள்ள விதியைக் கூட்டலிலும் போடும்படி பழக்கியது நான்தான். கோரஸில் 'பெருக்கினால்' என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்க எனக்கு அத்தனை வருடம் பிடித்தது. விடைத்தாள் கட்டை மார்க் போடும் வேலையாகப் பார்க்காமல், ஒரே தப்பை எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தப்பு நடத்தியதில் இருக்கிறது.

விட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. சம்பளத்தை இரண்டு மாதம் இழுத்தடிப்பது, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுப்பது, ஏப்ரல், மே வெயிலில் அட்மிஷனுக்கு வீடு வீடாக அனுப்பி 'இத்தனை பிள்ளை சேர்த்தால்தான் சம்பளம்' என்பது – இதில் ஏதாவது இருந்தால் பள்ளியை மாற்றட்டும், தொழிலை அல்ல. சான்றிதழ்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்பதை இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மற்றபடி ஏப்ரல் வரை இருக்கட்டும். காலையில் ஒரு மணி நேரம் டெட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை பள்ளி வேலை எதையும் தொடக் கூடாது. தொண்டைக்கு வெந்நீர் பாட்டில், பேச்சைக் குறைத்து வேலையைப் பிள்ளைகளிடம் தள்ளுவது. ஏப்ரலுக்குப் பிறகும் 'வகுப்பு வேண்டாம்' என்றால் வற்புறுத்தாதீர்கள், கணிதம் படித்தவளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. என்னிடம் அழைத்து வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். வரும்போது பாடக்குறிப்பு நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள். –3 –5-ஐ அவள் எப்படி நடத்தியிருக்கிறாள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.