கார் ஷெட்டில் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக் கார் ஷெட் 10 அடி அகலம், 16 அடி நீளம். கார் கிடையாது, என் பைக்கும் மனைவியின் ஸ்கூட்டரும் நிற்கின்றன. மீதி இடத்தில் தச்சு வேலை செய்கிறேன், எப்போதாவது கிரைண்டர் வைத்து இரும்பும் அறுப்பேன். தரை முழுக்கப் பலகைத் துண்டு, பெயிண்ட் டப்பா, பழைய மாவு கிரைண்டர். ஒரு ஸ்டூல் செய்யக்கூட உட்கார இடமில்லை. கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. டேபிள் சா வாங்கலாமா, இல்லை ரேக் அடிக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: மேசை நடுவில் பிளேடு நீட்டிக்கொண்டிருக்க, பலகையைத் தள்ளி அறுக்கும் டேபிள் சா இப்போதைக்கு வேண்டாம். விலையை விடுங்கள், இடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 அடி பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்க பிளேடுக்கு முன்னால் 8 அடி வேண்டும், அறுபட்டது வெளியே வர பின்னால் 8 அடி வேண்டும், அதிலேயே உங்கள் ஷெட்டின் 16 அடியும் தீர்ந்துவிட்டது, மெஷினுக்கும் நீங்கள் நிற்பதற்கும் இன்னும் இடமே ஒதுக்கவில்லை. கையில் பிடித்து அறுக்கும் சர்குலர் சா ஒன்று போதும். வாசலில் தெர்மகோல் அட்டையை விரித்து, அதன்மேல் பலகையைப் போட்டு, நேரான அலுமினியப் பட்டையை இரண்டு கிளாம்பால் இறுக்கி அதை ஒட்டியே ஓட்டினால் கோடு பிசகாது. பெரிய ஷீட் என்றால் வாங்கும் கடையிலேயே அளவு கொடுத்து அறுத்துத் தரச் சொல்லுங்கள், பல கடைகளில் சின்னக் கூலிக்குச் செய்து கொடுக்கிறார்கள்.

ரேக்கும் முதல் வேலை அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருக்கும் அத்தனையையும் வாசலுக்குக் கொண்டு வாருங்கள். இறுகிப்போன பெயிண்ட், முழங்கைக்கும் குட்டையான பலகைத் துண்டு, மோட்டார் போன மாவு கிரைண்டர், இதெல்லாம் திரும்ப உள்ளே போகக் கூடாது. இரும்பு, செம்பெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போனால் அந்தக் காசும் உங்கள் 20,000-த்தோடு சேரும். "என்றைக்காவது உதவும்" என்று மனசு சொல்லும், கேட்காதீர்கள். இதைச் செய்யாமல் ரேக் அடித்தால் குப்பைக்குத்தான் ரேக் அடிப்பீர்கள்.

அப்புறம் வண்டிகள். இரண்டையும் கேட் பக்கம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஏறக்குறைய 7 அடி நீளத்தில் அடங்கிவிடும், பின்னால் 10-க்கு 9 அடி உங்களுக்கு நிரந்தரமாகக் கிடைக்கும். வேலை நாளில் வண்டிகளை வெளியே தள்ளிவிட்டால் முழு ஷெட்டும் உங்களுடையது. இதில் ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது: இரும்பு அறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், பெட்ரோல் டேங்க் இருக்கும் இடத்தில் கிரைண்டரைத் தொடாதீர்கள். பொறி நீங்கள் நினைப்பதைவிட வெகுதூரம் போகும். அமெரிக்காவில் வெல்டிங், கிரைண்டிங் வேலைக்கான தீத்தடுப்பு விதி, சுற்றி 35 அடிக்குள் எரியக்கூடிய பொருள் இருந்தால் அகற்று, முடியாவிட்டால் தீப்பிடிக்காத போர்வையால் மூடு என்கிறது. உங்கள் ஷெட் நீளமே 16 அடிதான். அதனால் இரும்பு வேலை வெளியே, தின்னரும் மரத்தூள் மூட்டையும் இல்லாத பக்கம், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு.

பணத்தில் பெரிய பங்கு, 8,000 வரைக்கும்கூட, மின்சாரத்துக்கும் வெளிச்சத்துக்கும் போகட்டும். நிறைய பேர் இதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து அதில் எல்லா மெஷினையும் ஓட்டுகிறார்கள். மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி, கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். எம்சிபி இருக்கிறதே, போதாதா என்பார்கள். எம்சிபி காப்பாற்றுவது ஒயரை, மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால் அதைக் கண்டுபிடித்துத் துண்டிப்பது ஆர்சிசிபி மட்டும்தான். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட்டெல்லாம் மேசைக்கு மேலே இருக்கட்டும், கீழே வைத்தால் மரத்தூளும் வண்டி கழுவும் தண்ணீரும் அதில்தான் சேரும்.

விளக்கு, 4 அடி எல்இடி ட்யூப் 20 வாட்டில் மூன்று போதும். கூரை நடுவில் ஒன்றே ஒன்று மாட்டினால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் எரியும், உங்கள் நிழலே கோட்டின் மேல் விழும். அதனால் ஒன்றை மேசைக்கு நேர் மேலே, உங்களுக்கும் சுவருக்கும் நடுவில் வருகிற மாதிரி மாட்டுங்கள். சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டால் அதே விளக்கில் ஷெட் இன்னும் பளிச்சென்று ஆகும்.

இனி மேசை. இதற்குப் புது மரம் வாங்காதீர்கள். வீடு இடித்த மரம் விற்கும் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, பழைய உத்தரம், நிலைச்சட்டம், கதவு என்று குவித்து வைத்திருப்பார்கள். பல வருஷம் காய்ந்த வேங்கையோ தேக்கோ, இனி எளிதில் முறுக்காது, விரியாது, புதுசுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே கிடைக்கும். வாங்கும்போது கத்தியால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் உள்ளே கரையான் தின்றிருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு காந்தத்தை மேலே ஓட்டி ஆணியை எல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் ரம்பம் வைக்க வேண்டும், ஒரு பழைய ஆணி போதும் புது பிளேடைக் கெடுக்க. அதில் பின் சுவரை ஒட்டி 5 அடிக்கு 2 அடி மேசை ஒன்று கனமாகச் செய்து, சுவரோடு போல்ட் போட்டு இறுக்கி, பலகையைக் கவ்விப் பிடிக்கும் வைஸை அதில் மாட்டுங்கள். இழைப்புளி தள்ளும்போது மேசை ஆடினால் பாதி பலம் அதிலேயே போய்விடும். உயரம் எவ்வளவு என்றால், செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு வரும் உயரம் இழைக்கச் சரியாக இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு 32-லிருந்து 34 அங்குலம். அதைவிட உயரமாகச் செய்துவிட்டுத் தோள் வலிக்கிறது என்று எழுதுபவர்கள் உண்டு.

பெரிய சாமான் பொருத்த இன்னொரு மேசை வேண்டுமே என்பீர்கள். அதே கடையில் ஒரு பழைய பிளஷ் கதவு வாங்குங்கள். பக்கச் சுவரில் ஒரு சட்டம் அடித்து, கதவைக் கீல் வைத்து அதில் மாட்டி, முன்பக்கம் இரண்டு மடக்குக் கால். வேலை முடிந்ததும் மடக்கிவிட்டால் சுவரிலிருந்து நாலைந்து அங்குலம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மேசையும் ஒரே உயரம் இருக்கட்டும், நீளமான பலகைக்கு ஒன்று இன்னொன்றைத் தாங்கும்.

கருவிகள் சுவரில். 18 மி.மீ. பிளைவுட்டை 4 அங்குலப் பட்டைகளாக வெட்டி, ஒரு விளிம்பை 45 டிகிரி சாய்வாக அறுத்து, சாய்வு சுவரைப் பார்த்துச் சரிகிற மாதிரி சுவரில் வரிசையாக அடியுங்கள். கருவி மாட்டும் ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் எதிர்ச் சாய்வில் ஒரு துண்டை வைத்தால் அது இதில் கொக்கி போல உட்காரும். நாளைக்கு இடம் மாற்ற வேண்டுமானால் தூக்கி வேறு பட்டையில் வைத்துக்கொள்ளலாம், புது ஓட்டை போட வேண்டாம். சுவர் செங்கல்லா ஹாலோ பிளாக்கா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஹாலோ பிளாக்கில், ஸ்குரூ முடுக்க ஓட்டையில் செருகும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் கனத்தைத் தாங்காது, பிடுங்கிக்கொண்டு வரும், தூணிலோ லிண்டல் கான்கிரீட்டிலோதான் கனமான ரேக்கை மாட்ட வேண்டும். பலகைகளைத் தரையில் அடுக்காமல் சுவரில் கோணப் பட்டை அடித்து அதன்மேல் வையுங்கள், கரையானுக்கும் அதுதான் பாதுகாப்பு.

மிச்சப் பணம் இருந்தால் பின் சுவரில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், கேட் வழியாக வரும் காற்று தூசியை இழுத்துக்கொண்டு போகும். அது இருந்தாலும் என்-95 மாஸ்க் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள்களில் வைத்திருக்கிறது. தேக்குத் தூள் வாசனையாகத்தான் இருக்கும், நம்பாதீர்கள்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. மழைக்காலம் வந்தால் உளி, இழைப்புளி எல்லாம் துரு ஏறிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் போதுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெயை ஒரு துணியில் நனைத்து, வேலை முடிந்த கையோடு துடைத்து வையுங்கள், மெல்லிய பூச்சு போதும். உளியைச் சாக்கில் சுற்றாதீர்கள், மரத்தூள் படிந்தபடியும் விடாதீர்கள், இரண்டும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: ஷெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் தாங்கவில்லை. ஷீட்டில் ஓட்டை போட்டு ஃபேனும் விளக்கும் மாட்டலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: ஓட்டை போடவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைத்தாலும் அறுத்தாலும் தேய்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும், நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, புற்றுநோய் வரை கொண்டு போகும். விளக்கையும் ஃபேனையும் ஷீட்டைத் தாங்கும் இரும்புப் பைப்பில் கிளாம்ப் போட்டுத் தொங்கவிடுங்கள். சூட்டுக்கு, ஷீட்டின் மேல்பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரைப் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்கலாம், ஆனால் அடிப்பதற்கு முன் பாசியைப் பிரஷ் போட்டுச் சுரண்டக் கூடாது. ஷீட் மேல் கால் வைக்கவும் கூடாது, உடைந்து விழுந்தவர்கள் நிறைய பேர். ஏணியிலோ குறுக்கே போட்ட பலகையிலோ நின்று அடிக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ஷீட் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் பெயிண்டுக்குச் செலவழிக்காமல், அந்தப் பணத்தைத் தகரக் கூரைக்குச் சேர்த்து வையுங்கள்.