அம்மாவுக்குப் புரியாது என்று யார் சொன்னது?

கேள்வி: எனக்கு வயது 46. பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பௌத்த நூல்களை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்ற ஆசையில் இரண்டு ஆண்டுகளாகச் செவ்வியல் திபெத்திய மொழியைத் தனியாகப் படித்து வருகிறேன். மூன்று அகராதிகளும் இரண்டு இலக்கண நூல்களும் வாங்கிவிட்டேன். எழுத்துக் கூட்டி வாசிக்க முடிகிறது. ஒரு செய்யுளுக்குக்கூட முழுதாகப் பொருள் சொல்ல வரவில்லை. தோக்மே சங்போ என்ற துறவி இயற்றிய 37 செய்யுள்களைப் படித்து முடிப்பதே என் இலக்கு. அவரே இரண்டாம் செய்யுளில் பிறந்த மண்ணை விட்டு நீங்கச் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டுத் தர்மசாலாவில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படிக்கலாமா? மனைவி மறுக்கவில்லை. அம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கண்பார்வை மங்கிவிட்டது. இரவில் அவருக்கு ஏதாவது வாசித்துக் காட்டும் வழக்கம் இருந்தது, இந்தப் படிப்பால் அது நின்றுவிட்டது. என்ன படிக்கிறாய் என்று கேட்பார். அவருக்குப் புரியாது என்பதால் விளக்குவதில்லை. சேலத்தில் தம்பி வீட்டில் அவர் இருந்துகொள்வார். இந்த வயதில் இது சாத்தியமா?

பதில்: வயதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. இதே கேள்வியோடு எனக்கு வரும் கடிதங்களில் படிக்க விரும்பும் பாடம்தான் மாறுகிறதே தவிர, எழுதுகிறவர் எதிர்பார்ப்பது ‘தாராளமாகப் போங்கள்’ என்ற ஒரே வரியைத்தான். அதை உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். ஆசையைப் பற்றிப் பத்து வரி எழுதிய நீங்கள் அம்மாவைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நாலு வரி போதும்.

காலமெல்லாம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒருவர், தாமாக ஒரு பக்கம் வாசிக்க முடியாத நிலையில், மகன் பக்கத்து அறையில் என்ன படிக்கிறான் என்று வாய்விட்டுக் கேட்கிறார். அவருக்கு நீங்கள் தந்த பதில், பதில் சொல்லாமல் இருந்தது. கேட்டது அந்நியர் ஒருவராக இருந்திருந்தால் அரைமணி நேரம் விளக்கியிருப்பீர்கள். எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டக் கற்பிக்கும் நூலைப் படிப்பதற்காக, பெற்றவளுக்கு வாசித்துக் காட்டுவதை நிறுத்தினேன் என்று எழுதும்போது உங்கள் கை கொஞ்சமும் தயங்கவில்லையா?

‘அவருக்குப் புரியாது’ என்ற தீர்ப்பை எதை வைத்து எழுதினீர்கள்? தமிழாசிரியைக்கு மணிமேகலை தெரியாமல் இருக்காது. அதன் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் (கூற்று, காரணம், எடுத்துக்காட்டு) என்று அளவை முறையை விரித்துரைக்கும் பகுதி, பௌத்தத் தத்துவ அறிஞர் திக்நாகரின் தர்க்க மரபை ஒட்டியது என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தத் திக்நாகரைக் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று எழுதி வைத்தவர் தாராநாதர் என்ற திபெத்தியர். திக்நாகரின் தர்க்க நூலான பிரமாணசமுச்சயம் இன்று முழுமையாகக் கிடைப்பதும் திபெத்திய மொழிபெயர்ப்பில்தான். ஆக, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் சங்கதியின் ஒரு முனை உங்கள் அம்மா கையில் ஏற்கெனவே இருக்கிறது.

இலக்கணத்திலும் அப்படித்தான். ஏழாம் நூற்றாண்டில் தோன்மி சம்போட்டா இயற்றியதாக மரபு சொல்லும் பழைய திபெத்திய இலக்கணம், வடமொழியைப் பின்பற்றி எட்டு வேற்றுமைகளைக் கூறுகிறது. நம் தொல்காப்பியமும் விளியோடு சேர்த்து எட்டு என்றே எண்ணுகிறது. தமிழைப் போலவே அங்கும் உருபு பெயருக்குப் பின்னால் வரும், வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். செய்யுளில் நீங்கள் தடுக்கி விழும் இடமும் எனக்குத் தெரிகிறது. எட்டு என்ற எண்ணுக்கு ப, ர, க, ய, த என்று எழுத்துகளை அடுக்கிவிட்டு ‘கியே’ என்று ஒலிக்கும் கூத்தெல்லாம் சில மாதங்களில் பழகிவிடும். அசைக்கு அசை ஒரு புள்ளி இருக்கும், சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. அடிக்கு ஏழு அசை, ஒன்பது அசை என்ற கணக்குக்காக வேற்றுமை உருபுகளும் பல இடங்களில் தொக்கு நிற்கும். எந்த அசை எதனோடு சேர்கிறது, எந்த உருபை விரித்துக்கொள்ள வேண்டும் என்பதை மூன்று அகராதிகளையும் புரட்டினாலும் காண முடியாது. வேற்றுமைத் தொகையை விரித்துப் பொருள் சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். அவருக்குத் திபெத்திய மொழி தெரியாதுதான். ஆனால் ‘இதில் எழுவாய் எது? இந்தச் சொல் எதைக் கொண்டு முடிகிறது?’ என்று கேட்கத் தெரியும், அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் உங்களுக்குச் செய்யுள் பிடிபடும்.

இந்த மொழியின் வரலாறு முழுவதும் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து செய்த வேலைதான். வடமொழி நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்தபோது இந்தியப் பண்டிதர் ஒருவரும் லோட்சாவா எனப்படும் திபெத்திய மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் சேர்ந்தே அமர்ந்தார்கள். நூலின் முடிவுக் குறிப்பில் இருவர் பெயரும் இருக்கும். ஹங்கேரியிலிருந்து வந்த மொழி அறிஞர் சோமா தெ கோரோஷ் 1823-இல் லடாக் பக்கத்துச் சன்ஸ்காரின் சாங்லாவில் சங்கே புன்ட்சோக் என்ற லாமாவிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். அப்படிக் கேட்டதன் பலன்தான் 1834-இல் கல்கத்தாவில் அச்சான அகராதியும் இலக்கணமும். மடங்களில் இளம் துறவிகள் பாடத்தை உரக்கச் சொல்லியே மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு முற்றத்தில் ஒருவர் உட்கார, இன்னொருவர் நின்று கைதட்டிக் கேள்வி கேட்க, வாதம் நடக்கிறது. நீங்களோ வாயையும் மூடிக்கொண்டு கதவையும் மூடிக்கொண்டு இரண்டு ஆண்டு படித்துவிட்டு, மொழி வரவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள்.

இனி நீங்கள் சாட்சிக்கு அழைத்த இரண்டாம் செய்யுள். வேண்டியவர்மீது பற்று நீராய் அலைக்கழிக்கிறது, பகைவர்மீது வெறுப்பு தீயாய் எரிக்கிறது, கொள்ள வேண்டியதும் தள்ள வேண்டியதும் மறந்துபோகும் அறியாமை இருள் சூழ்ந்திருக்கிறது, அந்த மண்ணை விட்டு நீங்கு என்கிறார் தோக்மே சங்போ. அவர் 1295 முதல் 1369 வரை வாழ்ந்த துறவி. நீங்கள் மனைவியும் சம்பளமும் தாயும் உள்ள இல்லறத்தார். உங்கள் கடிதத்தில் பற்றும் இல்லை, வெறுப்பும் இல்லை, ஒரு பொறுப்பைத் தம்பி தலையில் கட்டும் ஏற்பாடு மட்டுமே இருக்கிறது. அதே நூலில் பத்தாம் செய்யுளுக்கு வாருங்கள். தொடக்கமற்ற காலம் முதல் உன்மீது அன்பு வைத்த தாய்மார் துன்பத்தில் இருக்கும்போது உன் ஒருவனுடைய சுகத்தால் என்ன பயன் என்று அது கேட்கிறது. எல்லா உயிரும் ஏதோ ஒரு பிறவியில் நமக்குத் தாயாக இருந்தவை என்ற அந்தப் பயிற்சியை, இந்தப் பிறவியில் பெற்றவளின் அன்பை நினைப்பதிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அந்தத் தொடக்கத்தைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டு நீங்கள் எதைப் பயிலப் போகிறீர்கள்?

மனைவி மறுக்கவில்லை என்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை உட்கார வைத்துக் கேளுங்கள்.

வேலையை விட வேண்டாம். இன்றிரவே அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து முதல் செய்யுளைத் திபெத்திய மொழியில் உரக்க வாசித்து, சொல் சொல்லாகத் தமிழில் பொருள் சொல்லுங்கள். அவர் கேட்கிற இடத்தில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேரும் கேள்விகளோடு மாதத்தில் ஒரு வார இறுதியில் திபெத்தியர் குடியிருப்பான பைலகுப்பேக்குப் போங்கள். செரா மடமும் நம்ட்ரோலிங் மடமும் உங்கள் மாநிலத்திலேயே இருக்கின்றன. பாடம் சொல்ல ஒருவர் அமைகிற வரை விசாரியுங்கள். தர்மசாலாவில் 1970-இல் தொடங்கிய திபெத்திய நூலகத்தில் மொழி வகுப்புகள் நடக்கின்றன, அதற்கும் ஒருநாள் போகலாம். 37 செய்யுள்களையும் அம்மாவுக்குச் சொல்லி முடித்த பிறகு, விடுப்பு எடுத்துக்கொண்டு, அவர் எங்கே இருக்க விரும்புகிறார் என்று அவரையே கேட்டுவிட்டுப் போங்கள். தம்பியிடம் ஏற்கெனவே பேசிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பேசியிருந்தால் நாளைக் காலையிலேயே கூப்பிட்டு, அம்மா இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.