நன்றாக ஓடும் கம்ப்யூட்டருக்கு அப்டேட் எதற்கு?

கேள்வி: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பில் போடும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7தான், நன்றாகவே ஓடுகிறது. அப்டேட் செய்தால் பில் சாப்ட்வேர் படுத்துவிடும் என்று, போட்டுக் கொடுத்த தம்பி அன்றைக்கே அதை நிறுத்தி வைத்துவிட்டார். ஆன்டிவைரஸுக்கு வருஷா வருஷம் பணம் கட்டுகிறேன். போதாதா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: போதாது சார். உங்களை மாதிரிக் கடைக்காரர்களுக்கு விண்டோஸ் 7 அப்டேட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதனால் தம்பி நிறுத்தியதை இப்போது திறந்துவிட்டாலும் புதிதாக எதுவும் வரப்போவதில்லை.

2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற கம்ப்யூட்டர் வைரஸ் வந்தது ஞாபகம் இருக்கிறதா? யாரும் மெயிலைத் திறக்க வேண்டாம், எதையும் க்ளிக் பண்ண வேண்டாம். விண்டோஸில் ஃபைல் பகிர்வதற்கென்று இருக்கும் எஸ்.எம்.பி என்ற வசதியில் ஓர் ஓட்டை, அது வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவி, ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது! எல்லோரும் 7-க்கும் முந்தைய பழைய விண்டோஸ் எக்ஸ்பியைத் திட்டினார்கள், ஆனால் சிக்கியதில் பெரும்பாலானவை அந்த பேட்ச்சைப் போடாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்தான்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு பேட்ச் வந்ததும் திருடர்கள் பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்த இடத்தை அடைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். புது விண்டோஸில் அடைக்கிற ஓட்டைகளில் சில உங்கள் 7-இலும் அப்படியே இருக்கும், அங்கே அடைக்க ஆள் இல்லை. ஆன்டிவைரஸ் ஓடுவதும் அதே விண்டோஸின் மேல்தானே. அடியில் புகுந்தவன் முதலில் அதைத்தான் தூங்க வைப்பான்.

சரி, என்ன செய்வது? பில் சாப்ட்வேர்க்காரரிடம் விண்டோஸ் 11-இல் ஓடுமா என்று கேளுங்கள். ஓடாது என்றால் அந்த கம்ப்யூட்டரின் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், பில் மட்டும் போடட்டும். நெட் பேங்கிங், ஜிஎஸ்டி எல்லாம் வேறொன்றில். ராத்திரி கடை சாத்தும்போது கணக்கை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்கள், எடுத்ததும் டிஸ்கைக் கழற்றுங்கள். செருகியே வைத்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: போனுக்கும் இதே கதைதானா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அதே கதைதான் அம்மா. கூகுள் மாதாமாதம் ஆண்ட்ராய்டு ஓட்டைகளின் பட்டியலை வெளியிடுகிறது, ஆனால் அடைப்பை உங்கள் போனுக்கு அனுப்ப வேண்டியது போன் செய்த கம்பெனி. பல கம்பெனிகள் சில வருஷத்தில் கையை விரித்துவிடும். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குள் செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும், பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பின்தங்கி, புதிதாக எதுவும் வரவில்லை என்றால் அதைப் பாட்டு கேட்க வைத்துக்கொண்டு, பேங்க் ஆப்பை வேறு போனுக்கு மாற்றுங்கள். சிம்மையும் சேர்த்துத்தான், ஓடிபி அதில்தானே வருகிறது.