ஐந்து நாளில் ஐஸ்லாந்தை முழுதாகச் சுற்ற வேண்டாம்

நவம்பர் நடுவில் ஐந்து நாள், சின்ன கார், நாலு பேர், தீவைச் சுற்றிவரும் ரிங் ரோடு நெடுஞ்சாலையில் முழுக்கச் சுற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுற்றலாம், ஆனால் காரை விட்டு இறங்க நேரம் இருக்காது. மொத்தம் சுமார் 1,320 கி.மீ. அப்போது பத்து மணி வாக்கில்தான் விடியும், நாலரைக்குள் சூரியன் இறங்கிவிடும்.

தெற்குக் கரையோடு போய்த் திரும்புங்கள். ரெய்க்யாவிக்கிலிருந்து யோகுல்சார்லோன் பனியாற்று ஏரி சுமார் 370 கி.மீ., வழியில் வீக் ஊரில் ஓர் இரவு. செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் அருவிக்குப் பின்னால் நடந்து போகலாம். பாதை உறைந்திருந்தால் மூடிவிடுவார்கள். ஏரியில் மட்டும் அவசரப்படாதீர்கள். பனிக்கட்டிகள் பாலத்தின் அடியில் நகர்ந்து கடலுக்குப் போகும், அலை அவற்றைக் கறுப்பு மணலில் திரும்பக் கொண்டுவந்து போடும். சில கண்ணாடி மாதிரி, சில நீலம். எனக்கு மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

சின்ன கார் போதும், குளிர்கால டயர் இருக்கிறதா என்று பாருங்கள். பனியைவிடக் காற்றுதான் வில்லன். கதவை இறுகப் பிடித்துக்கொண்டு திறங்கள். நான் அசந்த ஒரு நொடியில் கதவு முன்பக்கமாகப் பறந்து கீல் வளைந்துவிட்டது. காற்றால் வரும் அந்தச் சேதம் என் காப்பீட்டில் இல்லை, கைக்காசுதான் போனது. அப்புறம், ஒற்றைவழிப் பாலங்களில் முதலில் வந்தவருக்கே வழி.