கனரக டிரக்குகளில் எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று வரும் பிழைக் குறியீடுகளை எப்படிப் புரிந்துகொள்வது? குறியீடு சொல்லும் சென்சாரை மாற்றினால் போதுமா?

கேட்டவரின் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும், ‘எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4’ என்பதுபோல் ஏதோ எண்கள் திரையில் வந்திருக்கும், 100 என்றால் என்ஜின் ஆயில் அழுத்தம் என்று யாரோ சொன்னதும் அந்த சென்சாரை மாற்றிவிடலாம் என்று பட்டறையில் முடிவு செய்திருப்பார்கள். நானும் கனரக வாகனப் பட்டறையில் வேலை செய்பவன்தான். இதே முடிவை எடுத்து ஒரே வண்டியில் இரண்டு முறை தவறு செய்திருக்கிறேன் என்பதால்தான் இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கனரக டிரக்குகளில் என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே1939 என்ற தரநிலை பயன்படுகிறது. அதன்படி ஒரு பிழையில் மூன்று எண்கள் சேர்ந்து வரும். எஸ்பிஎன் என்பது எந்த அளவீட்டில் அல்லது எந்தப் பாகத்தில் கோளாறு என்பதைச் சொல்கிறது: 100 என்றால் ஆயில் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் வெப்பநிலை, 102 என்றால் இன்டேக் மேனிஃபோல்டு (என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தம். எஃப்எம்ஐ என்பது 0 முதல் 31 வரையிலான ஓர் எண். கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அது சொல்கிறது. மூன்றாவது எண், அந்தப் பிழை எத்தனை முறை தோன்றியது என்ற கணக்கு. இவற்றோடு எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி புகார் சொல்கிறது என்ற முகவரியும் வரும். என்ஜினுக்கு அது 0.

பெரும்பாலோர் எஸ்பிஎன்னை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் முதலில் படிக்க வேண்டியது எஃப்எம்ஐயைத்தான் என்பது என் உறுதியான கருத்து. எஸ்பிஎன் 100 உடன் எஃப்எம்ஐ 1 வந்தால், சென்சார் ஒழுங்காகவே வேலை செய்கிறது, ஆயில் அழுத்தம்தான் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அப்போதே நிறுத்த வேண்டும். அதே 100 உடன் எஃப்எம்ஐ 3 வந்தால் சென்சார் சுற்றில் மின்னழுத்தம் இயல்பைவிடக் கூடுதல் என்றும், 4 வந்தால் இயல்பைவிடக் குறைவு என்றும் பொருள். இந்த இரண்டும் ஆயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மின்சுற்றைப் பற்றி மட்டுமே சொல்கின்றன. கம்மின்ஸ் என்ஜின்களில் 415, 141 என்று அந்த நிறுவனத்தின் சொந்த எண்கள் வந்தாலும் உள்ளே இருப்பது இதே வேறுபாடுதான்: 415 என்பது எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 1, 141 என்பது எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். ஓர் ஓட்டுநர் தன் வண்டியைக் கொண்டுவந்து, மஞ்சள் விளக்கு எரிகிறது, இழுவையும் குறைந்துவிட்டது என்றார். ஸ்கேனரை மாட்டியதும் முதல் வரியில் 100, எஃப்எம்ஐ 4 இருந்தது. ஆயில் அழுத்தம் என்ற சொல்லைக் கண்டதும் மற்ற வரிகளைப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லாமல் போயிற்று. சென்சாரை மாற்றினேன், குறியீட்டை அழித்தேன், விளக்கு அணைந்தது, வண்டி போய்விட்டது. இரண்டு நாளில் அதே வண்டி அதே குறியீட்டோடு திரும்பி வந்தது. புதிய சென்சாரே பழுதாக வந்திருக்கும் என்று எண்ணி இன்னொன்றை மாற்றினேன். மூன்றாவது முறை வந்தபோது அந்த ஓட்டுநர், “மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதுதான் விளக்கு எரிகிறது, நல்ல சாலையில் எரிவதில்லை. முதல் நாளே இதைச் சொன்னேனே” என்றார். அவர் சொன்னது உண்மைதான். நான் காதில் வாங்கவில்லை.

அன்றுதான் பட்டியலை முழுவதும் படித்தேன். 100, எஃப்எம்ஐ 4; அதன் கீழே 102, எஃப்எம்ஐ 4; கடைசியில் 3509, எஃப்எம்ஐ 4. மூன்றுக்கும் நேரே தோன்றிய எண்ணிக்கை 11 என்று ஒரே மாதிரி இருந்தது. மூன்றும் ஒரே கணத்தில் வந்து ஒரே கணத்தில் போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. 3509 என்பது சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் மின்வழங்கல். இவ்வகை அழுத்த சென்சாரில் மூன்று ஒயர்கள் இருக்கும்: 5 வோல்ட் கொண்டுவருவது ஒன்று, எர்த் ஒன்று, சிக்னல் ஒன்று. அந்த 5 வோல்ட் ஒயரைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்வதால், அது எங்கேனும் ஓரிடத்தில் உலோகத்தைத் தொட்டால் எல்லா சிக்னல்களும் ஒரே நேரத்தில் விழுந்துவிடும். அப்போது ஒவ்வொரு சென்சாரும் தனித்தனியாகக் கெட்டுவிட்டதுபோல் திரை காட்டும்.

என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு, ஆயில் பிரஷர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, அதில் 5 வோல்ட் முனைக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். 4.98 வோல்ட் காட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, ஒயரிங் கட்டினை ஒரு முனையிலிருந்து மெல்ல அசைத்துக்கொண்டே வந்தேன். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ஓர் இரும்புப் பிராக்கெட்டைத் தாண்டும் இடத்தில் கை பட்டதும் மீட்டர் பூஜ்யத்துக்கு அருகே விழுந்தது. அங்கே பிடிப்பு கிளிப் உடைந்து, ஒயர் பிராக்கெட்டில் உரசி உரசி, உறை தேய்ந்த இடத்தில் கடுகளவு செம்பு பளிச்சென்று தெரிந்தது. ஒயரைச் சரிசெய்து புது கிளிப்பில் நிறுத்திய பிறகு அந்த விளக்கு திரும்ப எரியவில்லை. கழற்றிப் போட்ட இரண்டு சென்சார்களையும் பின்னர் சோதித்தேன். இரண்டும் நன்றாகவே இருந்தன. அவற்றுக்கான பணத்தை ஓட்டுநருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

சென்சார் கெடவே கெடாதா என்று இதைப் படிக்கும் அனுபவசாலிகள் கேட்கக்கூடும். கெடும், எத்தனையோ முறை சென்சாரை மாற்றித்தான் சரிசெய்திருக்கிறேன். சோதிக்காமல் மாற்றக்கூடாது என்பது மட்டுமே என் வாதம். கூலன்ட் வெப்பநிலைக்கான இரண்டு ஒயர் சென்சாரில் இதைச் சோதிப்பது மிக எளிது. கனெக்டரைக் கழற்றினால் குறியீடு எஃப்எம்ஐ 3 ஆக வேண்டும். கனெக்டரின் இரண்டு முனைகளையும் சிறு ஒயரால் இணைத்தால் 4 ஆக வேண்டும். இப்படி மாறினால் ஒயரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் நலம், குற்றம் சென்சாரிடம்தான். மாறவில்லை என்றால் எத்தனை சென்சார் வாங்கினாலும் பயனில்லை. மூன்று ஒயர் சென்சார்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே மின்னழுத்தத்தை அளந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாற்றிய பாகத்துக்குத் தயங்காமல் பணம் தருகிறவர்கள், ஒரு மணி நேரம் மீட்டரை வைத்துத் தேடியதற்குக் கூலி கேட்டால் “பாகம் எதுவும் போடவில்லையே” என்கிறார்கள். தேடுவதற்குக் கூலி இல்லாத தொழிலில் மெக்கானிக் பாகத்தை மாற்றத்தான் செய்வார். நான் முதல் நாளே பட்டியலை முழுவதும் படித்திருக்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அவசரத்தை எங்களுக்குப் பழக்கியதில் இந்த மனப்போக்குக்கும் பங்கு உண்டு. பட்டறைக்கு வருவதற்கு முன்பே சிலர் குறியீட்டை அழித்துவிட்டு வருவதும் இன்னொரு மனக்குறை; எண்ணிக்கையும், பிழை தோன்றிய கணத்தில் பதிவாகும் என்ஜின் விவரங்களும் அதோடு போய்விடுகின்றன.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். சிவப்பு விளக்கு என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் வண்டியை நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு என்றால் எதையும் அழிக்காமல், திரையில் உள்ள எல்லா வரிகளையும் எஃப்எம்ஐயோடும் எண்ணிக்கையோடும் ஒரு தாளில் எழுதுங்கள். விளக்கு எப்போது எரிந்தது, குலுக்கலிலா, மழையிலா, ஏற்றத்திலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆயில் அழுத்தம் சம்பந்தப்பட்டது என்றால், மின்சுற்றுக் கோளாறுதான் என்று குறியீடு சொன்னாலும், தனியாக ஒரு மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தி உண்மையான அழுத்தத்தைப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். அந்தத் தாளை மெக்கானிக்கிடம் கொடுத்து, சென்சாரைக் கழற்றும் முன் கனெக்டரில் எத்தனை வோல்ட் இருந்தது என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு உரிய கூலியையும் கொடுங்கள்.